வருமானம் இல்லாவிட்டாலும் வரிப் படிவம்: கனடாவில் உயர்கல்வி கற்போருக்கு ஒரு விளக்கம்

பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு வருமானமே இல்லை, பிறகு எதற்கு வரிப் படிவம் என்று நம்மவர் வீடுகளில் கேட்பது வழக்கம். வரி எதுவும் கட்டவேண்டியிராத ஒருவர் படிவம் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் தண்டம் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சி.ஆர்.ஏ. என்று நாம் சொல்லும் கனடா வருவாய் முகவரகம், ஒருவருக்குச் சேரவேண்டிய கொடுப்பனவுகளையும் பிற்காலத்துக்குச் சேமித்து வைக்கும் சலுகைகளையும் இந்தப் படிவத்தை வைத்தே கணக்கிடுகிறது. கீழே வரும் தொகைகள் 2025ஆம் வரியாண்டுக்கும், மாகாண விபரங்கள் ஒன்ராறியோவுக்கும் உரியவை.

முதலில் கையில் காசாக வருவதைப் பார்ப்போம். 19 வயது நிறைந்த, வருமானம் குறைந்த ஒருவருக்கு, பொருள் சேவை வரிக்கு ஈடாக அரசு தரும் ஜி.எஸ்.ரி. கொடுப்பனவு யூலை, ஒக்ரோபர், ஜனவரி, ஏப்ரல் என ஆண்டில் நான்கு தடவை வரும். 2025 யூலை தொடக்கம் 2026 யூன் வரையான காலத்துக்குத் தனி ஆள் ஒருவருக்கான உச்சத் தொகை 533 டொலர். வருமானமே இல்லாத மாணவருக்கு அதன் அடிப்படைப் பகுதியான 349 டொலர் மட்டும் கிடைக்கும். பெற்றோருடன் ஒரே வீட்டில் இருப்பதனாலோ, பெற்றோரின் சம்பளம் அதிகம் என்பதனாலோ இது தடைப்படாது; 19 வயதானவர் தனி ஆளாகவே கணக்கிடப்படுகிறார். முந்திய ஆண்டின் படிவத்தை வைத்தே இது தீர்மானிக்கப்படுவதால், 18 வயதிலேயே முதற் படிவத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவு என்ற மாகாண உதவித்தொகையும் இதே படிவத்தின் வழியாகவே வருகிறது. அதில் விற்பனை வரிக்கான பகுதி தானாகவே கணக்கிடப்படும். வாடகைக்கும் மின்சாரச் செலவுக்குமான பகுதியை ஓஎன்-பென் என்ற இணைப்பை நிரப்பிக் கேட்டால்தான் தருவார்கள். வீட்டை விட்டு வேறு நகரில் அறை எடுத்துப் படிக்கும் மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இணைப்பைத்தான். கட்டிய வாடகைக்கு ரசீது வாங்கி வைத்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழக விடுதியில் இருந்தவருக்கோ, விடுதி வாடகை எத்தனை ஆயிரமானாலும், அந்த வகையில் 25 டொலர் மட்டுமே கணக்கில் சேரும்.

இனி, அதிகக் குழப்பம் விளைவிக்கும் கல்விக் கட்டணச் சலுகைக்கு வருவோம். கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் பெப்ரவரி முடிவதற்குள் கட்டிய கட்டணத்தைக் காட்டும் ரி2202 என்ற சான்றிதழைத் தன் மாணவர் தளத்தில் இடும். அதில் உள்ள தொகையில் 14.5 சதவீதம் மத்திய அரசின் வரியிலிருந்து கழிக்கப்படும். (2024 வரை இது 15 சதவீதமாக இருந்தது.) இது வரியைப் பூச்சியம் வரை குறைக்குமே தவிர, மிஞ்சியது காசோலையாக வராது. புத்தகச் செலவு, விடுதிக் கட்டணம், மாணவர் சங்கச் சந்தா எதுவும் இதில் சேராது. புத்தகத்துக்கென இருந்த தனிச் சலுகை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒன்ராறியோவும் தன் மாகாணச் சலுகையை 2017 செப்டம்பருக்குப் பிந்திய படிப்புக்கு நிறுத்திவிட்டபடியால், இங்கே மிஞ்சியிருப்பது மத்திய அரசின் சலுகை மட்டுமே.

இந்தச் சலுகையைத் தாய் தகப்பனின் கணக்கில் அப்படியே போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மாணவருக்கு வரி ஏதும் இருந்தால் முதலில் அதைப் பூச்சியமாக்கவே கட்டணத்தைப் பயன்படுத்த வேண்டும். விருப்பமில்லை என்று ஒத்திவைக்க முடியாது. அதன்பின், அந்த ஆண்டின் கட்டணத்தில் 5,000 டொலரிலிருந்து மாணவர் பயன்படுத்திய பகுதியைக் கழித்து, மீதியைத் துணைவருக்கோ, பெற்றோரில் ஒருவருக்கோ, தாத்தா பாட்டியில் ஒருவருக்கோ மாற்றிக்கொடுக்கலாம். 9,000 டொலர் கட்டிய மாணவி தன் வரியைப் பூச்சியமாக்க 3,000 டொலரைப் பயன்படுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். தாயாருக்கு மாற்றக்கூடியது 2,000 டொலர். அதனால் தாயாரின் வரி 290 டொலர் குறையும். மீதி 4,000 டொலர் மாணவியின் பெயரிலேயே வருங்காலத்துக்குப் போகும். அப்படிக் கொண்டுசெல்லப்பட்ட தொகைக்குக் காலாவதி இல்லை; ஆனால் அதைப் பிறகு வேறு யாருக்கும் மாற்ற முடியாது. வேலைக்குப் போன முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரியைத் தாங்கப்போவது இந்த மீதிதான் என்பதால், பெற்றோருக்கு மாற்றும் முன் யாருக்கு இப்போது தேவை அதிகம் என்பதைக் குடும்பமாக இருந்து யோசிப்பது பொருத்தம். மாற்றுவதானாலும் மீதியைக் கொண்டுசெல்வதானாலும் மாணவர் தன் படிவத்துடன் அட்டவணை 11ஐ நிரப்பியே ஆகவேண்டும்.

கோடையில் வேலை செய்தவர், முதலாளி தரும் சம்பள விபரச் சீட்டான ரி4 படிவத்தைப் பார்த்தால், சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வரி தெரியும். மத்திய அரசின் அடிப்படை விலக்கு 16,129 டொலரும் ஒன்ராறியோவின் விலக்கு 12,747 டொலரும் ஆதலால், அதற்குக் குறைவாக உழைத்தவருக்குப் பிடித்த வரி திரும்பி வரும். சம்பளம் 2,000 டொலருக்கு மேற்படாதவருக்கு வேலைக் காப்புறுதிப் பணமும் திரும்பும். செயலி வழியாக உணவு விநியோகம் செய்பவருக்கு ரி4 வராது, அவர் சுயதொழிலாளர். பெற்றோல், தொலைபேசி போன்ற செலவுக் கணக்கை அவரே வைத்திருக்க வேண்டும், நிகர வருமானம் 3,500 டொலரைத் தாண்டினால் ஓய்வூதியப் பங்களிப்பில் முதலாளியின் பாதியையும் சேர்த்துக் கட்டவேண்டும். குறைந்த வருமானத் தொழிலாளருக்கான கொடுப்பனவையோ, ஆண்டில் 13 வாரங்களுக்கு மேல் முழுநேரம் படித்தவர், தன்னை நம்பி ஒரு பிள்ளை இல்லாவிட்டால், எதிர்பார்க்க முடியாது.

முழுநேர மாணவருக்குக் கிடைக்கும் புலமைப்பரிசிலும் ஓ.எஸ்.ஏ.பி. என்ற ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்தின் மானியமும் பொதுவாக வரிக்குட்படாது. ஆர்.ஈ.எஸ்.பி. என்ற பதிவுசெய்யப்பட்ட கல்விச் சேமிப்பிலிருந்து வரும் பணம் வேறு: பெற்றோர் போட்ட முதலுக்கு வரி இல்லை, அரச மானியமும் வளர்ச்சியும் சேர்ந்த பகுதி ரி4ஏ படிவத்தில் மாணவரின் வருமானமாக வரும். கல்விக் கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி இல்லை. ஒன்ராறியோவின் பங்குக்குக் கட்டிய வட்டிக்குச் சலுகை உண்டு, அதை ஐந்து ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். வங்கியில் தனியாக எடுத்த கடனின் வட்டிக்கு இது பொருந்தாது.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வந்தவர்கள், வரி நோக்கில் தாங்கள் கனடாவில் வசிப்பவர்களா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இது விசாவைப் பொறுத்ததன்று, இங்குள்ள வீடு, குடும்பம் போன்ற பிணைப்புகளையும் தங்கிய நாட்களையும், இரு நாடுகளுடனும் கனடாவுக்குள்ள வரி ஒப்பந்தங்களையும் பொறுத்தது. வசிப்பவராகக் கொள்ளப்பட்டால் உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும், பதிலாக ஜி.எஸ்.ரி. கொடுப்பனவுக்கு ஆர்சி151 படிவத்தால் விண்ணப்பிக்கலாம். அவர்கள் கட்டும் கட்டணம் பெரிது என்பதால், வருமானம் இல்லாத ஆண்டிலும் ரி2202ஐப் பதிவுசெய்து வைப்பது, படிப்பு முடிந்து இங்கேயே வேலைக்குச் சேர்பவருக்குப் பல ஆயிரம் டொலர் பெறுமதியானது.

கடைசி நாள் ஏப்ரல் 30. சுயதொழில் உள்ளவர் யூன் 15 வரை படிவம் கொடுக்கலாம், வரியை மட்டும் ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக நிரப்பிக் கொடுக்கும் முகாம்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கின்றன. சில ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால், பத்து ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்று கல்விக் கட்டணத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.