அழைப்புக் கடிதத்துக்கு முன்பே எழுத வேண்டிய பக்கம்

வெளிநாட்டுத் தலைவர் ஒருவரைப் பல்கலைக்கழக மேடைக்கு அழைப்பது சரியா, தவறா என்ற சண்டை பெரும்பாலும் அவருடைய பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறிய மறுநாள்தான் தொடங்குகிறது. விருந்தினர் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்யும் நிர்வாகப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நாளுக்குப் பிறகு எடுக்கப்படும் எந்த முடிவும் உருப்படியாக அமைந்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தை நடத்தினால் அவருடைய செயல்களுக்குப் பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்துவிட்டது என்பார்கள். ரத்து செய்தால் கூச்சலுக்கு அஞ்சிப் பின்வாங்கிவிட்டது என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். முடிவு அதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே, அழைப்புக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் நிபந்தனைப் பக்கத்தை எழுதும்போது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அப்படியொரு பக்கமே இருப்பதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான தலைவரையும் அழைக்கலாம். அதிகாரத்தில் இருப்பவர் எதைச் சொல்லித் தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறார், எந்தக் கேள்வி வரும்போது பேச்சை மாற்றுகிறார் என்பதை நேரில் காண்பது அரசியலும் சட்டமும் வரலாறும் படிப்பவர்களுக்குப் பாடம்தான். ஆனால் தன் அதிகாரிகள் முன்கூட்டியே பார்த்துச் சலித்தெடுக்காத கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர் இசைய வேண்டும். இசையாதவருக்குப் பேச ஐ.நா. பொதுச்சபை இருக்கிறது, அவருடைய நாட்டுத் தொலைக்காட்சி இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் பெயரை இரவல் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்ததை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்துக்காக உலகத் தலைவர்கள் அந்த நகருக்கு வருவதால், அவர்களை மேடையேற்றும் வாய்ப்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எளிதாகக் கிடைக்கிறது. 2006-இல் ஈரான் அதிபர் மஹ்மூத் அஹ்மதிநெஜாத்துக்கு அழைப்பு போய், பிறகு அது கைவிடப்பட்டது. 2007 செப்டம்பர் 24 அன்று அவர் வந்தே விட்டார். பல்கலைக்கழகத் தலைவர் லீ பொலிஞ்சர், அற்பத்தனமும் கொடுமையும் நிறைந்த சர்வாதிகாரிக்குரிய எல்லா அறிகுறிகளும் உங்களிடம் தெரிகின்றன என்று அறிமுக உரையிலேயே விருந்தினரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். மறுமொழி சொல்ல எழுந்த அதிபரோ, விருந்தினர் பேசுவதற்கு முன்பே அவர்மீது குற்றப்பட்டியல் வாசிப்பது எங்கள் வழக்கமில்லை, கேட்டு முடிவு செய்யும் பொறுப்பை மாணவர்களிடமே விடுவோம் என்று கூறி, அவமதிக்கப்பட்டவரின் இடத்தில் தன்னை வசதியாக அமர்த்திக்கொண்டார்.

அந்த அறிமுக உரையில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளோடு எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனாலும் அது வெளியே கோபத்தோடு நின்றவர்களையும் நன்கொடையாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று 1967-இல் அளித்த கால்வென் அறிக்கை, விமர்சகர்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லமாக இருக்கலாமே தவிர அதுவே விமர்சகராகிவிடக் கூடாது என்றது. கொலம்பியாக் கூட்டத்தின் உண்மையான பயன் கேள்வி நேரத்தில்தான் விளைந்தது. பெண்களின் உரிமைகளைப் பற்றியும், தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்படுவதைப் பற்றியும் கேட்கப்பட்டபோது, அதிபர் போதைப்பொருள் கடத்தல்காரர்களுக்கான தண்டனையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நெறியாளராக அமர்ந்திருந்த பேராசிரியர் ஜான் கோட்ஸ்வொர்த் விடவில்லை. கேள்வி கடத்தல்காரர்களைப் பற்றியதல்ல என்று மீண்டும் அதே இடத்துக்கு இழுத்து வந்தார். அப்போதுதான், உங்கள் நாட்டில் இருப்பதுபோல எங்கள் ஈரானில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்ற அந்தப் பதில் வந்தது, அரங்கம் சிரித்தது. அறிமுக உரை முழுவதும் செய்ய முடியாததை, பணிவான குரலில் இரண்டாம் முறை கேட்கப்பட்ட ஒரே கேள்வி செய்துவிட்டது. நெறியாளர் யார் என்பதை அழைக்கும் நிறுவனமே முடிவு செய்ய வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

தலைவர் வருவதற்கு முன்பு அவருடைய முன்னேற்பாட்டுக் குழு வரும். மேடையின் உயரம், கொடிகளின் வரிசை, தண்ணீர்க் குவளை என்று பேச்சைத் தொடங்கி, எழுந்து விடைபெறும் நேரத்தில், கேள்விகளை முன்னதாக அனுப்பிவிடுங்களேன், ஐயா பொருத்தமான பதில்களைத் தயார் செய்துகொள்வார் என்பார்கள். முழு வருகையிலும் முக்கியமான கோரிக்கை அதுதான். கதவருகே, சிரித்துக்கொண்டே கேட்கப்படும். இதைவிட நுட்பமான வழி ஒன்றும் உண்டு. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஐம்பது நிமிடம் உரையாற்றிவிட்டு, மீதியுள்ள பத்து நிமிடத்தில் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியம் விட்டு ஒரு வாக்கியமாகச் சொல்லும்படி விட்டால், மூன்றாவது கேள்விக்கு நேரமே இருக்காது. உடனுக்குடன் காதில் ஒலிக்கும் மொழிபெயர்ப்புக் கருவியை நாங்களே ஏற்பாடு செய்வோம் என்றும், உரைக்கு எவ்வளவு நேரமோ கேள்விக்கும் அவ்வளவு நேரம் என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்பாளரும் தூதரகத்தின் ஆளாக இருக்கக் கூடாது. கூர்மையான கேள்வியொன்று மொழிமாறும்போது வாழ்த்துச் செய்தியாக மாறியதை, இரு மொழியும் தெரிந்த ஒரு மாணவி எனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லண்டன் பொருளாதாரப் பள்ளி, லிபியத் தலைவர் கடாஃபியின் மகன் சைஃப் தலைமையிலான அறக்கட்டளையிடமிருந்து 15 லட்சம் பவுண்டு நன்கொடைக்கு ஒப்புக்கொண்டது. 2010 டிசம்பரில் கடாஃபியையே காணொலி வழியாகப் பேசவைத்தது. சில மாதங்களில் லிபியாவில் கிளர்ச்சி வெடித்தபோது, அதுவரை கைக்கு வந்திருந்த தொகை 3 லட்சம் பவுண்டு மட்டுமே. போன மதிப்பு அதைவிடப் பன்மடங்கு. இயக்குநர் ஹோவர்ட் டேவிஸ் 2011 மார்ச்சில் பதவி விலகினார். மேடையும் நன்கொடையும் ஒரே ஆண்டில் ஒரே திசையிலிருந்து வரக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விதிமுறையும் சொல்லிவிட முடியாது.

கௌரவப் பட்டத்தையும் சொற்பொழிவையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். பட்டம் என்பது பாராட்டு. அதில் கேள்விக்கு இடமே இல்லை. ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேவுக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் 1984-இல் வழங்கிய பட்டத்தை 2007-இல்தான் திரும்பப் பெற்றது. மாசசூசெட்ஸ், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தாங்கள் தந்தவற்றை 2008-இல் பறித்தன. பேச அழைத்திருந்தால் திரும்பப் பெற எதுவும் இருந்திருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இது வெறும் கொள்கை விவாதம் அல்ல. இலங்கை அதிபராக இருந்த மகிந்த ராஜபக்ச 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் பேசினார். 2010 டிசம்பரில் மீண்டும் பேசவிருந்தபோது, தமிழர்களின் பெரும் போராட்டம் எதிர்பார்க்கப்பட்ட நிலையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தானது. (1823 முதல் இயங்கும் அந்த விவாத மன்றம் பல்கலைக்கழக நிர்வாகத்தின் கீழ் வருவதல்ல, ஆனால் செய்தியில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயர்தான் நிற்கும்.) உறவுகளை இழந்து ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேலேயே கடந்திருந்த மக்கள் தெருவில் இறங்கியதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அது அவர்களுடைய உரிமை. ஆயினும் ரத்தானதால் ஓர் இழப்பும் நேர்ந்தது: 2009-இல் முடிந்த போரின் இறுதி மாதங்களைப் பற்றி, பதிவு செய்யப்படும் ஓர் அரங்கில், அவரிடமே கேட்கக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு போயிற்று. அந்த மேடையில் கேள்விக்கு உண்மையாகவே இடம் இருக்கும் என்ற உறுதி முதலிலேயே வெளியிடப்பட்டிருந்தால், போராடியவர்களில் ஒரு பகுதியினராவது நுழைவுச்சீட்டு கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் நினைப்பு தவறாகவும் இருக்கலாம்.

இனி, பெரும்பாலான ஏற்பாட்டுக் குழுக்கள் மறந்துவிடும் ஒன்றுக்கு வருகிறேன். பேச வருபவரின் நாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் அரங்கில் இருப்பார்கள். அவர்களிடம்தான் மிகக் கூர்மையான கேள்விகள் இருக்கும்; கேட்டால் விலை கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒரு முறை அத்தகைய மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்து, ஒளிப்பதிவுக் கருவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று மட்டும் கேட்டார். காரணம் கேட்டபோது, அம்மா அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார் என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்று மாலை தூதரக ஊழியர் ஒருவர் பார்வையாளர் வரிசைகளைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே நடந்ததைக் கண்ட பிறகு, எங்கள் நிபந்தனைப் பக்கத்தில் சில வரிகள் கூடின. பார்வையாளர் பட்டியலை யாருக்கும் தரமாட்டோம். ஒளிப்பதிவு மேடையை நோக்கி மட்டுமே. இருக்கைகளை ஒதுக்குவது எங்கள் பொறுப்பு, தூதரகத்துக்கு இரண்டு வரிசைக்கு மேல் கிடையாது. ஒலிவாங்கியின் முன் வந்து நிற்க முடியாதவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். அந்தப் பெட்டியை அரங்கின் கண் முன்னே திறந்து, கைக்கு வந்த சீட்டை அப்படியே நெறியாளர் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் சலித்தெடுக்கும் வேலை எங்கள் கைக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

எதிர்ப்பாளர்களுக்கான இடத்தையும் அதே பக்கத்தில் குறித்துவிட வேண்டும்: தலைவரின் வாகனம் வரும் வழியிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில், கட்டடத்தின் பின்புறத்தில் அல்ல. 2009 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் மீது காலணி வீசப்பட்டது. வீசியவர்மீது வழக்கு நடந்து, அவர் விடுவிக்கப்பட்டார். அத்தகைய நிகழ்வை எந்த ஏற்பாடும் முழுமையாகத் தடுத்துவிடாது. பாதுகாப்பு தர அரசு மறுத்தாலும்கூட வழி இருக்கிறது. 2006-இல் ஈரானின் முன்னாள் அதிபர் கதாமி ஹார்வர்டுக்கு வந்தபோது, மாநில அமைப்புகள் எதுவும் உதவக் கூடாது என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் மிட் ராம்னி உத்தரவிட்டார், உரை நடந்தது.

கடைசியாக, இந்தப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றாகவே போக வேண்டும். கொலம்பியா 1933-இல் நாஜி ஜெர்மனியின் தூதர் ஹான்ஸ் லூதரைப் பேச அழைத்தபோது, நட்பு நாட்டு மக்களின் பிரதிநிதி மரியாதைக்கு உரியவர் என்றுதான் அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் நிக்கோலஸ் மரே பட்லர் வாதிட்டார். ஆபத்தானவர்கள் எப்போதும் பகை நாட்டிலிருந்தே வருவார்கள் என்று நம்பும் நிர்வாகிகள் இன்றும் இருக்கிறார்கள். மிக நெருங்கிய நட்பு நாடு ஒன்றின் தலைவருக்கு நாங்கள் இந்தப் பக்கத்தை அனுப்பியபோது, இது சந்தேகத்துக்குரியவர்களுக்கு எழுதுவதுபோல் இருக்கிறதே என்று தூதரகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். எங்கள் துறைத் தலைவரும் ஓரிரு வரிகளை எடுத்துவிடலாமே என்றார். எதையும் எடுக்கவில்லை. அந்த நட்பு நாட்டின் தலைவர் வந்தார், இரண்டாவது கேள்வி அவருடைய நாட்டுச் சிறைகளைப் பற்றியதாக இருந்தது.