மறுபதிப்பு வேறு, உருநேர்படி வேறு

பழைய புத்தகம் ஒன்றைக் கறை, கிழிசல், ஓரத்தில் எவரோ கிறுக்கியது உட்பட அப்படியே படியெடுத்து, அதே மாதிரி அட்டை கட்டி, சேகரிப்பாளர்களுக்கு எண்ணிட்டு விற்பார்கள். அதுதான் ஃபேக்சிமிலி; தமிழில் நான் உருநேர்படி என்பேன். இதை 'மறுபதிப்பு' என்று எழுதியதை இந்த மாதம் மட்டும் மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன்.

சொல் லத்தீன். 'ஃபாக்' என்றால் செய், 'சிமிலே' என்றால் ஒத்தது. ஃபேக்ஸும் இதன் குறுக்கம்தான்; அதற்குத் தொலைநகல் என்று பெயர் வைத்தோம், தாய்ச்சொல்லை மறந்துவிட்டோம்.

மறுபதிப்பில் என்ன தப்பு? அதில் எழுத்துரு மாறலாம், பக்க எண் மாறலாம், அச்சுப்பிழையைத் திருத்தலாம், யாரும் கேட்கப்போவதில்லை. உருநேர்படியில் பிழையைத் திருத்தினால் அதுதான் பிழை. வாய்னிச் கையெழுத்துப்படியை ஸ்பெயினின் சிலோயே பதிப்பகம் 898 படிகள் மட்டும் என்று அறிவித்துச் செய்ய இறங்கியபோது, தோல்தாளின் ஓட்டை, கறை, தையல் எல்லாம் இருந்தபடியே வரவேண்டும் என்றுதான் மெனக்கெட்டார்கள். இத்தனைக்கும் இன்றுவரை யாராலும் படிக்க முடியாத நூல் அது! உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவா அதை வாங்குவார்கள்?

அடுத்து 'மீளுருவாக்கம்' என்பார்கள். இந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இடிந்த கோயிலைக் கட்டினாலும் மீளுருவாக்கம், பழைய பாட்டைப் புதிதாகப் பாடினாலும் மீளுருவாக்கம், கோப்பு அழிந்துபோய்த் திரும்பக் கிடைத்தாலும் அதுவேதான். மொழிபெயர்ப்பாளருக்குச் சோம்பல் வந்தால் கை தானாக அங்கே போகிறது. மூலம் அழிந்துபோய், கிடைத்த துண்டுகளை வைத்து ஒன்றைக் கட்டியெழுப்பினால் அந்தப் பெயர் சரி. இங்கே மூலம் பத்திரமாக நூலகத்தில் இருக்கிறதே!

'நகல்' பரவாயில்லை, புரிகிறது. ஆனால் அரபியிலிருந்து வந்தது என்பது ஒருபுறமிருக்க, அதைக் கேட்டால் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது.

உருநேர்படி என்பதே என் தேர்வு. நன்னூல் உவம உருபுகளில் 'நேர' என்பதும் உண்டு, ஆக 'நேர்' ஒப்புமை சொல்ல வந்த பழைய சொல். 'படி'யோ படியெடுத்தல் என்று இன்றும் புழங்குவது. அப்புறம், புது அச்சுக்கோப்பைப் பழுப்புத் தாளில் அடித்து, அட்டையை வேண்டுமென்றே தேய்த்து விற்கிறார்களே, அதை உருநேர்படி என்று சொல்லாதீர்கள், அதற்குப் பழம்பாணிப் பதிப்பு என்ற பெயர் போதும்.