வாடை கொண்டலாகத் திரும்பிய இரவு

2018 நவம்பர் 15 இரவு மன்னார்குடியில் மின்சாரம் நின்ற பிறகு, புயலைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்களுக்கு மிஞ்சியவை வீட்டின் சன்னல்கள்தாம். முன்னிரவில் வடக்குச் சன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. கொக்கி நிற்கவில்லை, கயிற்றால் கட்டி, முன்னால் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்தோம். விடியலுக்குச் சில மணி நேரம் முன்பு அந்தச் சன்னல் அடங்கிப்போய், கிழக்குக் கதவு அதிரத் தொடங்கியது. வாடை கொண்டலாகத் திரும்பிவிட்டது. கஜா புயலின் மையம் எங்கள் ஊருக்குத் தெற்கே போகிறது என்பதை அந்த ஒரு திருப்பம் சொல்லிவிட்டது.

எப்படி என்று கேட்டால், விதி எளியது. வட அரைக்கோளத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடது கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி இது. நம் கடற்கரைக்குப் பெரும்பாலான புயல்கள் கிழக்கிலிருந்து வருகின்றன. பாதைக்கு வடக்கே இருக்கும் ஊரில் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்குக்கும் பிறகு தென்கிழக்குக்கும் திரும்பும். பாதைக்குத் தெற்கே இருக்கும் ஊரில் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று எதிர்ப்புறமாகத் திரும்பும். பாதையின் மேலேயே இருக்கும் ஊருக்கு நிலைமை வேறு. அங்கே வாடை வெறிபிடித்து வீசும், திடீரென்று நிற்கும், கண் எனப்படும் அமைதியான நடுப்பகுதி கடந்ததும் தெற்கிலிருந்து அதே வெறியோடு திரும்பி வரும். இடையில் வரும் அமைதியைப் புயல் முடிந்துவிட்டதென்று நம்பி வெளியே வந்தவர்கள்தான் பெரிதும் அடிபடுகிறார்கள்.

கரையில் இருப்பவருக்குச் சன்னல் போதும். புயல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் இருக்கும்போது அதன் பலத்தை யார் பார்ப்பது? அட்லாண்டிக் கடலில் அமெரிக்கர்கள் சூறாவளிக்குள்ளேயே விமானத்தை ஓட்டி, கருவிகளைக் கீழே போட்டு அளக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் இல்லை. புயல் தற்செயலாக ஒரு மிதவைக் கருவியின் மேல் போனால் ஒழிய, நடுக்கடலில் நேரடி அளவு கிடைப்பது அரிது. ஆகவே செய்தியில் வரும் 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்' என்பது பெரும்பாலும் மேகத்தின் உருவத்தைப் பார்த்து வாசித்த எண்.

வாசிக்கும் முறையை 1970-களில் அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னான் துவோராக் வகுத்தார். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் பகலில் ஒளியிலும், இரவில் அகச்சிவப்புக் கதிரிலும் படமெடுக்கின்றன. மேகக் கரங்கள் மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கின்றன, மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, நடுவில் கண் திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துப் புயலுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். எண் 2.5 என்றால் புயல், 3.5-க்குத் தீவிரப் புயல். 4 என்றால் மிகத் தீவிரப் புயல். வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வதைப் போன்ற கலை இது. கைதேர்ந்தவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் அரை எண் அங்கே இங்கே போனால் தரைக்கு வரும் காற்றில் பெரிய வேறுபாடு.

புயல் வலுப்பதைப் புரிந்துகொள்ள, நெல் அவிக்கும் அண்டாவை நினைத்துக்கொள்ளலாம். அண்டாவின் ஆவி கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுகிறது. ஆவியாவதற்காக நீர் வாங்கிய வெப்பத்தை, மீண்டும் நீராகும்போது அது நம் தோலில் இறக்கிவிடுகிறது. கடலிலும் அதுவே நடக்கிறது. மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் ஆவி தாராளமாக எழும்பும். மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தைக் காற்றில் விடும். நடுப்பகுதி சூடாகி இலேசாகும். கடல்மட்டத்தில் அழுத்தம் குறையும். சுற்றியுள்ள காற்று உள்ளே பாயும். வரும் வழியில் மேலும் ஆவியை அள்ளிவரும். மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் காற்று வெவ்வேறு வேகத்தில் வீசினால் இந்த அடுப்பின் தலை ஒருபக்கம் சாய்ந்து சூடு சிதறிவிடும். அப்படிச் சாய்க்கும் காற்று இல்லாவிட்டால் அடுப்பு நின்று எரியும்.

சுழல் இறுகுவதும் முக்கியம். மதகு வாயில் தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஓரத்தில் மெதுவாகச் சுற்றும் சருகு, நடுவை நெருங்க நெருங்க வெறித்துச் சுற்றும். புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவர் உள்நோக்கிச் சுருங்கும்போது காற்றும் அப்படித்தான் வேகம் கூடும். சில மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய மாற்றம் இது. அதனால்தான் புயல் எங்கே போகும் என்பதைக் கணிப்பதைவிட எவ்வளவு வலுக்கும் என்பதைக் கணிப்பது கடினமாக இருக்கிறது.

கஜாவில் நாம் அனுபவித்தது இதைத்தான். நவம்பர் 10-இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தொடங்கி, 11-இல் புயலாகி, வங்கக்கடலில் தயங்கித் தயங்கிச் சுற்றியது. முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையேறும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். 15-ஆம் தேதிதான் தீவிரப் புயலாயிற்று. 16-ஆம் தேதி அதிகாலை 12.30-க்கும் 2.30-க்கும் இடையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்த வேளையின் அறிக்கைகள் காற்றின் வேகத்தை மணிக்கு 100 முதல் 110 கி.மீ. என்றன. பின்னர் எல்லாத் தரவுகளையும் வைத்து இந்திய வானிலை ஆய்வுத் துறை செய்த பகுப்பாய்வில் அது 130 கி.மீ., இடையிடையே 145 கி.மீ. என்று உயர்ந்தது. காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 என்பது 130 ஆனால் வேகம் முப்பது விழுக்காடுதான் கூடுகிறது, தென்னையின் தலையில் விழும் அடியோ ஏறத்தாழ எழுபது விழுக்காடு கூடுகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தோப்புக்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புயல் கரையை நெருங்கியதும் காரைக்கால் டாப்ளர் ரேடார் அதைப் பிடித்துக்கொள்கிறது. சுமார் 10 செ.மீ. அலைநீளமுள்ள அலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைக் கேட்கும் கருவி அது. துளி ரேடாரை நோக்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் சற்று ஏறும், விலகினால் இறங்கும். கிழக்கிலிருந்து வரும் புயலின் வடபாதியில் காற்று கரையை நோக்கி வீசுகிறது. தென்பாதியில் கரையை விட்டு விலகுகிறது. திரையில் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறுபாதி இன்னொரு நிறமாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது மையம்.

ரேடாருக்கும் ஒரு குறை உண்டு. பூமி உருண்டை, அலையோ கிட்டத்தட்ட நேராகப் போகிறது. அரை டிகிரி சாய்வில் புறப்படும் அலை, 250 கி.மீ. தொலைவில் கடலுக்கு மேல் ஏறத்தாழ 6 கி.மீ. உயரத்தில் இருக்கும். 100 கி.மீ.-இல் ஒன்றரைக் கிலோமீட்டர். 50 கி.மீ.-க்கு வந்தால்தான் அரைக் கிலோமீட்டரை ஒட்டி இறங்கும். கூரையைப் பிய்க்கும் காற்று தரையை ஒட்டி வீசுவது. அதை ஓரளவேனும் நேராகப் பார்க்க, புயல் நம் வாசலுக்கு வந்துவிட்டிருக்க வேண்டும். கரையை நெருங்கும் கடைசி நேரத்தில் வலுக்கும் புயல் ஆபத்தானதாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்: அதைத் தெளிவாகப் பார்க்கும் நேரமும், மக்கள் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாமல் போகும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கே நான் மிகவும் வருந்துவது 'கரையைக் கடக்கும் இடம்' என்ற சொல்லைப் பற்றி. தொலைக்காட்சி வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறார்கள். புள்ளி தன் ஊரில் இல்லை என்றால் மனம் ஆறுதல் அடைகிறது. ஒரு நாள் முன்பு சொல்லும் மையத்தின் இடத்தில், அண்மைக் காலச் சராசரிப் பிழை சுமார் 75 கி.மீ. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அவ்வளவு தூரமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, மையம் எனக்கு எந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்பது. இதை நம் துறைமுகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன, நாம்தான் கவனிப்பதில்லை.

நாகையிலோ கடலூரிலோ எட்டாம் எண் கூண்டு ஏற்றினால் ஆபத்து, ஒன்பது அதைவிட ஆபத்து, பத்து எல்லாவற்றையும்விட ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றும் ஒரே வகைப் பெரும் ஆபத்தைக் குறிப்பவை, மாறுவது பக்கம். எட்டு என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் அமையும். ஒன்பது என்றால் வலப்பக்கம். பத்து என்றால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். சற்று வலுக் குறைந்த புயலுக்கு ஐந்து, ஆறு, ஏழு ஆகிய எண்களும் இதே வரிசைதான். புயல் போகும் திசையைப் பார்த்து நின்று இடம், வலம் சொல்ல வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலம் என்பது வடக்கு. அங்கே கொண்டல் கடலை அள்ளிக் கரையில் கொட்டும். இடப்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். பதினோராம் எண் எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கும்: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள்.

நம் டெல்டாவின் கரை கோடியக்கரையில் முழங்கைபோல் மடங்குகிறது. அதுவரை கிழக்கைப் பார்த்து வந்த கரை, அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தெற்கைப் பார்க்கிறது. ஆகவே ஒரே புயல் இரு கரைகளையும் இரு விதமாக நடத்தும். நாகை, வேளாங்கண்ணிக் கரைக்குப் பகை கொண்டல். பாக் நீரிணையை ஒட்டிய கரைக்குப் புயலின் முதற்பாதியில் வாடை கடலை வெளியே தள்ளிவிடும். நீர் உள்வாங்கி, பார்ப்பவர்களுக்குச் சாதுவாகத் தோன்றும். மையம் மேற்கே தாண்டியதும் தெற்கிலிருந்து திரும்பும் காற்று அந்தத் தண்ணீரையெல்லாம் ஆழமற்ற கடலின் மேல் இழுத்துவந்து நிலத்தில் ஏற்றும். ஆழம் குறைந்த கடலில், தள்ளப்படும் நீருக்கு அடியில் திரும்பிப்போக வழியில்லாததால் மட்டம் அதிகம் உயர்கிறது. 1955-ஆம் ஆண்டுப் புயலில் ராஜாமடம் பகுதியில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது.

அழுத்தக் குறைவும் கடலை உயர்த்துகிறது, ஆனால் கொஞ்சம்தான்: ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கஜாவின் மையத்தில் அழுத்தம் 976 வரை இறங்கியது. வழக்கமான 1010-உடன் ஒப்பிட்டால் கடல் ஒரு முழத்துக்கும் குறைவாகவே எழும்பியிருக்கும். மீதியெல்லாம் காற்றின் வேலை.

கடல் உயர்ந்தால் கடைமடைக்கு இன்னொரு துன்பம் சேர்கிறது. கடல் தண்ணீர் வாங்கவில்லை என்பார்கள் நம் விவசாயிகள். கோரையாறும் பாமணியாறும் அடப்பாறும் மழைநீரைக் கொண்டுபோய் முகத்துவாரத்தில் நிற்கும். கடல் இறங்கும்வரை வயலில் சம்பா மூழ்கிக் கிடக்கும். இதற்குப் புயல் பலமானதாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 2008 நவம்பரில் காரைக்காலுக்கு வடக்கே கரையேறிய நிஷா, காற்றின் கணக்கில் சாதாரணப் புயல்தான். ஒரே நாளில் ஒரத்தநாட்டில் சுமார் 66 செ.மீ. மழையைக் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் அசையாமல் நின்றபோதும் டெல்டாவில் பெருமழை பெய்தது. வேகமாகக் கடக்கும் புயல் மரத்தைச் சாய்க்கிறது. நின்றுவிடும் புயல் பயிரை அழுகவைக்கிறது.

கஜா கடந்த மறுநாள் எங்கள் தெருக்கோடித் தோப்பில் விழுந்த தென்னைகளில் பெரும்பாலானவை மேற்கே தலைவைத்துக் கிடந்தன. பார்த்த உடனே அது எனக்கு உறைக்கவில்லை, துக்கம்தான் முந்தியது. விழுந்த மரம் காற்றுமானி இல்லாத இடத்திலும் காற்றின் திசையை எழுதிவைத்துவிடுகிறது. பாதைக்கு வடக்கே கொண்டல் தள்ளியவை மேற்கே சாய்ந்திருக்கும். பாதைக்குத் தெற்கே மேற்குக் காற்று தள்ளியவை கிழக்கே சாய்ந்திருக்கும். இடையில், கண் கடந்த ஊர்களில், வாடை வீழ்த்தியவை தெற்கே தலைவைத்து அடியில் கிடக்கும். திரும்பிவந்த காற்று வீழ்த்தியவை வடக்கே தலைவைத்து அவற்றின் மேல் குறுக்கிட்டுக் கிடக்கும். சாலையை அடைத்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் முன், எந்த ஊரில் எந்தத் திசையில் விழுந்தன என்று ஒருவர் குறித்துக்கொண்டே போனால், மையம் கடந்த கோட்டை வரைபடத்தில் வரைந்துவிடலாம்.