காவல் துறையைக் குறை சொல்லி எழுதியவருக்கு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்

காவல் துறையைக் குறை சொல்லும் செய்தி வெளிவந்த இரண்டொரு நாளில் செய்தியாளரின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வரும். ‘இன்ஸ்பெக்டர் ஐயா பார்க்கணும்னாரு, அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க’ என்று மறுமுனையில் இருப்பவர் பணிவாகவே பேசுவார். அந்த ஐந்து நிமிடத்துக்காகப் போய், இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி இல்லாமல், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். அன்றைக்கு அதைக் கேட்கத்தான் தோன்றவில்லை.

பின்னணி இவ்வளவுதான். பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்று அரசியலமைப்பில் தனிப் பிரிவு கிடையாது. குடிமக்கள் எல்லோருக்கும் உரிய 19(1)(அ) பேச்சுரிமைக்குள்தான் அது அடங்கியிருக்கிறது. அரசை விமர்சிப்பதாகக் கருதப்படும் எழுத்துக்காக மட்டுமே செய்தியாளர் மீது குற்ற வழக்குப் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை நடைமுறைகளுக்கான சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கீழே வரும் பிரிவு எண்களில் வேறு சட்டத்தின் பெயர் சொல்லப்படாதவை எல்லாம் அதைச் சேர்ந்தவை.

முதல் ஏமாற்றம் அடையாள அட்டையிலிருந்து தொடங்குகிறது. செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் அங்கீகார அட்டை அரசு நிகழ்ச்சிகளுக்குள் நுழையவும் சில சலுகைகளைப் பெறவும் உதவும். கைதிலிருந்தோ விசாரணையிலிருந்தோ அது யாரையும் காப்பாற்றாது. அந்த அட்டை இல்லாத யூடியூப் செய்தியாளரிடமும் பகுதிநேர நிருபரிடமும் ‘நீ பத்திரிகைக்காரனே இல்லை’ என்று நிலையத்தில் சொல்வார்கள். அங்கே நின்று அதை வாதிட வேண்டியதில்லை, ஏனென்றால் இனிச் சொல்லப்போகும் பாதுகாப்புகளில் ஒன்றுகூட அட்டையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை.

இரண்டாவது ஏமாற்றம் இதைவிடப் பெரியது. செய்தி தந்தவரின் பெயரைச் சொல்லுமாறு யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். 1978ஆம் ஆண்டின் பத்திரிகைக் கவுன்சில் சட்டத்தில், பிரிவு 15(2)இல், அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். ஆனால் அது அந்தக் கவுன்சிலின் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும், காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ பொருந்தாது. சாட்சியச் சட்டத்தில் இதற்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 93ஆவது அறிக்கையில் 1983இலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே பேச வேண்டியதில்லை என்னும் அரசியலமைப்பின் 20(3) கைவசம் உண்டு. சாட்சியாக அழைக்கப்பட்டவருக்கோ, தன்னைக் குற்ற வழக்கில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்கிற அளவில்தான் இடம் இருக்கிறது.

ஆகவே, நம்மை யாராக அழைக்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். சாட்சி என்றால் பிரிவு 179இன்படியும், குற்றம் சுமத்தப்பட்டவர் என்றால் பிரிவு 35(3)இன்படியும் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தொலைபேசியில் அழைப்பதும் ‘ஏட்டையா சொன்னார்’ என்பதும் நோட்டீஸ் ஆகாது. 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘வரத் தயாராக இருக்கிறேன், எந்தக் குற்ற எண்ணில், எந்தப் பிரிவில் என்று எழுத்தில் அனுப்புங்கள்’ என்று பதில் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டை வழக்கறிஞருக்கும் அனுப்பிவையுங்கள். இப்படிக் கேட்ட பிறகு அழைப்பே வராமல் போனதும் உண்டு.

179இல் பலரும் கவனிக்காத இரண்டு வரம்புகள் இருக்கின்றன. அந்த அதிகாரி தன் நிலைய எல்லையிலோ ஒட்டிய நிலைய எல்லையிலோ இருப்பவரைத்தான் அழைக்க முடியும். 2022இல் சென்னையிலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்தபின், மயிலாப்பூரில் வசிப்பவரை ஆவடிக்கு வரச் சொல்வது போன்ற அழைப்புகளை இந்த வரம்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடுத்து, பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சியாக விசாரிப்பதென்றால் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அதிகாரி வர வேண்டும். பெண் செய்தியாளரை மாலையில் நிலையத்துக்கு வரச் சொல்லி மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைப்பதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. எப்படியானாலும் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 35(3) நோட்டீஸுக்குப் பணிந்து போகிறவரைக் கைது செய்யக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், போகாதவரைக் கைது செய்ய அந்தப் போகாமையே காரணமாகிவிடும். விசாரணையில் சொன்னதை எழுதிக் கையெழுத்துக் கேட்டால், புலனாய்வில் பதிவாகும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பிரிவு 181 சொல்வதை மென்மையாக நினைவூட்டலாம். வெள்ளைத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

உண்மையான இழப்பு கைப்பேசியில்தான் நடக்கிறது. ‘பார்த்துட்டுத் தந்துடறோம்’ என்று கேட்பார்கள், நாமும் நல்லெண்ணத்தில் நீட்டிவிடுவோம். அந்தக் கணத்திலிருந்து அது நாமாகக் கொடுத்தது என்று ஆகிவிடுகிறது. பறிமுதல் என்றால் மகஜர், அதாவது பறிமுதல் பட்டியல், எழுத வேண்டும். அதில் கைப்பேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை எழுதச் சொல்லி நகலும் கேளுங்கள். பறிமுதலை ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 105. கைப்பேசியைத் தருவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள், தந்தபின் கேட்டுப் பயனில்லை. கடவுச்சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. எனவே வழக்கறிஞர் பக்கத்தில் இல்லாதபோது அதைச் சொல்ல வேண்டாம்.

அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை வழக்கில் முதல் தகவல் அறிக்கை காவல் துறையின் இணையதளத்திலேயே திறந்து கிடந்தது. அதைப் பார்த்த செய்தியாளர்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு வரவழைத்துக் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டது. அவற்றைத் திருப்பித் தரும்படியும் செய்தியாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்றும் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சிலர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உங்கள் கைப்பேசி போய்விட்டால் அதே நாளில் வழக்கறிஞரிடம் சொல்லி, உரிய நடுவர் நீதிமன்றத்தில், எழும்பூரோ சைதாப்பேட்டையோ ஜார்ஜ் டவுனோ, திருப்பித் தரக் கோரி மனுப் போடுங்கள். நிலையத்துக்குப் போய் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் வாரங்கள் ஓடிவிடும்.

வழக்குப் பதிவாகியிருக்கிறது என்று காதில் விழுந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தேடுங்கள். ‘பிளாக் பண்ணியிருக்காங்க’ என்பார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, உணர்வுபூர்வமானது என்று சொல்லி இணையத்தில் ஏற்றாமல் மறைக்கும் முடிவை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறைந்தவர் எடுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் விண்ணப்பித்தால் காவல் துறை 24 மணி நேரத்தில் நகல் தர வேண்டும். நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்களில் சான்றிட்ட நகல் கிடைக்க வேண்டும். நடைமுறையில் நீதிமன்ற வழிதான் வேலை செய்கிறது.

நகல் கிடைத்ததும் பிரிவுகளைப் பாருங்கள். அவதூறு மட்டும்தான் என்றால் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை அதைப் புலனாய்வு செய்யவே முடியாது. அதனால்தான் கூடவே குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132, அதாவது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது என்ற பிரிவு, வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிரிவில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும். போராட்டக் களத்தில் எடுத்த காணொளியை வெட்டாமல், முழுதாக, கைப்பேசிக்கு வெளியே வேறோர் இடத்திலும் சேமித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கைதே நடந்தாலும் ரிமாண்ட் தானாக விழுவதில்லை. 2018 அக்டோபரில் நக்கீரன் ஆசிரியர் கோபாலைக் கைது செய்து கொண்டுவந்தபோது எழும்பூர் நடுவர் நீதிமன்றம் காவலில் வைக்க மறுத்துவிட்டது. எனவே நடுவர் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு வழக்கறிஞர் அங்கே இருந்தாக வேண்டும். வசதி இல்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும்.

நம்மை அடித்த, மிரட்டிய காவலர் மீது நாம் புகார் கொடுப்பது தனிக் கதை. நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ‘ஐயா வந்ததும் சொல்றோம்’ என்பார்கள்; புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். தர மறுத்தால் பிரிவு 173(4)இன்படி பதிவுத் தபாலில், சென்னை என்றால் வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, அனுப்புங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே நடுவரிடம் போனால் மனு திரும்பி வரும். பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுதலாம்தான், ஆனால் அதன் வரம்பு அச்சு ஊடகத்தோடும் செய்தி நிறுவனத்தோடும் நின்றுவிடுகிறது. தொலைக்காட்சிக்காரருக்கும் யூடியூப்காரருக்கும் அங்கே போய்ப் பயனில்லை. மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆத்திரத்தில் தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால், ஒன்றில் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கோப்பை மூடிவிடும், ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். புகாரோடு, அன்றைய தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோரி ஒரு கடிதத்தையும் அன்றே தபாலில் சேர்த்து, ஒப்புகை அட்டை திரும்பி வந்ததா என்று பத்து நாள் கழித்துப் பாருங்கள்.