கிட்னி கல்லுக்குப் பயந்து தக்காளியை விட்டவர்களுக்கு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிட்னியில் கல்' என்று வந்ததும் பல வீடுகளில் முதலில் நிற்பது தக்காளிதான். டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் "எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் தக்காளியில்தான் தொடங்கும். விதை உள்ளே போய்க் கல்லாகிவிடும் என்ற பயம் நன்றாகப் படித்தவர்களுக்கும் இருக்கிறது.

விதைக் கதையை முதலில் முடித்துவிடலாம். விழுங்கிய விதை குடல் வழியாகப் போய் மலத்தோடு வெளியேறிவிடும். அது சிறுநீரகத்துக்குப் போக வழியே கிடையாது. சிறுநீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் அடர்த்தி கூடிப் படிகமாவதால்தான் கல் உருவாகிறது. அதிகம் பேருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல், அதாவது கால்சியமும், கீரை, காய்களில் இயற்கையாக உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து படிவது. தக்காளியில் ஆக்சலேட் உண்டு என்று யாரோ சொல்ல, பழி அதன்மேல் விழுந்துவிட்டது. உண்டுதான், ஆனால் 100 கிராமுக்குச் சில மில்லிகிராம் மட்டுமே. அதே அளவு பாலக் கீரையில் பல நூறு மில்லிகிராம் இருக்கிறது. தக்காளியை விட்டுவிட்டு, உடம்புக்கு நல்லதென்று தினமும் காலையில் பாலக் ஜூஸ் குடிப்பவர்களைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

கல் வளர்வதற்கு உண்மையான காரணங்கள் வேறு. முதலாவது தண்ணீர் போதாதது. வெயிலில் கட்டட வேலை செய்பவர்கள், பஸ் டிரைவர்கள், கழிப்பறைக்குப் போக முடியாதே என்று நாள் முழுக்கத் தொண்டையை மட்டும் நனைத்துக்கொள்ளும் ஜவுளிக்கடைப் பெண்கள், இவர்களுக்கெல்லாம் சிறுநீர் அடர்த்தியாகவே இருக்கும். கல் வந்தவர்கள் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். அடுத்தது உப்பு. உடம்பில் சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுதலாக வெளியேறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தக்காளித் தொக்கும் வரும்தான், ஆனால் அதில் குற்றவாளி தக்காளி அல்ல, கெடாமல் இருக்க அள்ளிப் போடும் உப்பு. இன்னொன்று, கால்சியம் என்ற பெயரைக் கேட்டுப் பால், தயிரை நிறுத்துவது. சாப்பாட்டோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதை நிறுத்தினால் கல்லுக்குத்தான் வசதி.

சரி, பயம் போனபின் தக்காளியால் என்ன கிடைக்கிறது? 100 கிராம் தக்காளியில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர். கலோரி 20க்குப் பக்கம்தான். சர்க்கரை நோயாளிகள் யோசிக்காமல் சாப்பிடலாம். பொட்டாசியம் 240 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது நல்லது. வைட்டமின் சி உண்டு, ஆனால் அதற்காகத் தக்காளியைத் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. கொய்யாவும் நெல்லிக்காயும் அதில் பல மடங்கு முன்னால் நிற்கின்றன. தக்காளியின் பலம், நாம் அதைத் தினமும் விடாமல் சாப்பிடுகிறோம் என்பது. எந்தச் சத்தும் என்றோ ஒருநாள் சாப்பிட்டு வருவதில்லை.

தக்காளிக்கென்று தனிப்பெருமை உள்ள பொருள் லைகோபீன், அதாவது அந்தச் சிவப்பு நிறம். பச்சையாகக் கடிக்கும்போது அது செல் சுவருக்குள் அடைபட்டே இருக்கும், கொஞ்சம்தான் உடம்பில் சேரும். வேகவைத்தால் சுவர் உடைந்து வெளியே வரும். அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய் கூட இருந்தால் நன்றாக உறிஞ்சப்படும். கடுகு தாளித்து, வெங்காயத்தோடு தக்காளியைக் குழைய வதக்குகிறோமே, அந்த முறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. குடும்பத்துக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் போதும், மேலே மிதக்க வேண்டாம். தோலில் லைகோபீன் அதிகம். ரசத்துக்குப் பிழிந்துவிட்டுச் சக்கையை எறிபவர்கள் அதைச் சட்னியில் சேர்த்து அரைத்துவிடலாம்.

லைகோபீன் மாத்திரை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 1995ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, தக்காளி உணவுகளை அதிகம் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்ததாகச் சொன்னது. அதன்பின் பரபரப்பு எங்கோ உயரத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆதாரங்களை அலசி, லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2005ல் சொன்னது. எனவே மாத்திரைக்குச் செலவழிக்காதீர்கள், அந்தக் காசுக்குக் காய்கறி வாங்கலாம்.

வேகவைக்காத தக்காளித் துண்டுகளை நான் அதிகம் எழுதிக்கொடுப்பது ரத்தசோகை உள்ள பெண்களுக்கு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாக ஒட்டாது. அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக ஒட்டும். சூடுபட்டால் இந்த வைட்டமின் குறையும் என்பதால், கோசுமல்லியில் தக்காளியைப் பொடியாக நறுக்கிப் போட்டு அப்படியே சாப்பிடச் சொல்வேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதிப் பலன் போய்விடும், ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தக்காளி விலை ஏறும் நாட்களில், 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் எலுமிச்சையும் கொய்யாவும் இந்த வேலையைச் செய்யும்.

பாட்டில் கெட்சப்பைத் தக்காளிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சர்க்கரை, உப்பு தனி. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டில் மட்டும் தக்காளியைக் குறைத்துப் பார்க்கலாம்.

உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து வருபவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள். கல் இருப்பவர் தக்காளியைத் தொட மாட்டார், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ரத்தத்தில் ஏறிய பெரியவருக்கோ தெம்பு வரட்டும் என்று மகள் தினமும் தக்காளி சூப் வைத்துக் கொடுப்பார். ரத்த அழுத்தக்காரருக்கு உதவிய அதே பொட்டாசியம், சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாதபோது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். நான்கு தக்காளி போட்ட ஒரு கிண்ணம் சூப்பில் கிட்டத்தட்ட 1 கிராம் பொட்டாசியம். இளநீரும் இதே கணக்குத்தான். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பு இன்னும் மோசம், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும்.

இதற்காகச் சிறுநீரக நோயாளிகள் எல்லோரும் தக்காளியை விட வேண்டும் என்றில்லை. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை (mmol/L) இருந்தால், குடும்பத்துக்கு வைக்கும் குழம்பில் ஒன்றிரண்டு தக்காளி போடுவதை நான் தடுப்பதில்லை. அதைத் தாண்டினால்தான் கணக்குப் பார்க்க ஆரம்பிப்போம். ஆலோசனைக்கு வரும்போது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், வீட்டு உப்புப் பாக்கெட்டையும் கொண்டுவாருங்கள்.