மௌனமும் ஒப்புதலாகும் இடம்: கம்பெனி இயக்குநரின் சட்டக் கடமைகளும் வரவிருக்கும் சவால்களும்

கம்பெனிகள் சட்டம், 2013 இயக்குநரின் கடமைகளை 166-வது பிரிவில் ஒரே இடத்தில் தொகுத்து எழுதி வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு தொகுப்பு கிடையாது; இயக்குநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்துதான் தேடி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது சட்டம் தெளிவாக இருந்தும், அதைப் படிக்காமலேயே இயக்குநர் பொறுப்பை ஏற்பவர்கள் ஏராளம். பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் அமர்பவர்கள் மட்டுமல்ல, குடும்பத் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றும்போது பெயர் கொடுத்தவர்களும் இதே பிரிவுக்குக் கட்டுப்பட்டவர்களே.

பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்களும், பொதுக் கம்பெனிக்கு மூன்று பேரும், ஒருநபர் கம்பெனிக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்பது 149-வது பிரிவின் விதி. அந்த இரண்டாவது பெயருக்காகத்தான் மனைவியையோ, தம்பியையோ, மைத்துனரையோ சேர்க்கிறார்கள். டிஜிட்டல் கையொப்பம் அவர் பெயரில் வாங்கப்படும். ஆனால் அது இருப்பது கணக்கர் மேசையில். கம்பெனியின் கணக்கை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். பெயருக்கு மட்டும் இயக்குநர் என்றொரு வகையைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. இயக்குநர் தம் பதவியை இன்னொருவருக்கு ஒப்படைக்கவும் கூடாது, ஒப்படைத்தால் அது செல்லாது என்று 166(6) கூறுகிறது. கையொப்பக் கருவியை யாரிடம் கொடுத்து வைத்திருந்தாலும், அதன் வழியாகத் தாக்கலாகும் ஒவ்வொரு படிவத்துக்கும் அந்தப் பெயருக்குரியவரே பதில் சொல்ல வேண்டும்.

166-வது பிரிவின் சாரம் இதுதான். கம்பெனி தனக்கென வகுத்துக்கொண்ட உள்விதிகளான சங்க விதிகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும். பங்குதாரர்கள் அனைவரின் நலனுக்காகவும் கம்பெனியின் நோக்கங்களை நல்லெண்ணத்துடன் முன்னெடுக்க வேண்டும். ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். உரிய கவனத்துடனும் திறனுடனும் செயல்பட்டு, முடிவைச் சுயமாக எடுக்க வேண்டும். சொந்த நலன் கம்பெனியின் நலனோடு மோதும் நிலையில் இறங்கக் கூடாது; தமக்கோ உறவினருக்கோ தகாத ஆதாயம் தேடக் கூடாது, தேடினால் அந்த ஆதாயத்துக்குச் சமமான தொகையைக் கம்பெனிக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். மீறினால் 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மோசடி நிரூபணமானால் 447-வது பிரிவின்படி சிறைத்தண்டனை 10 ஆண்டு வரை போகலாம்.

என் பார்வையில் இவை அனைத்தையும்விட ஓர் இயக்குநர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 2(60) பிரிவு. 'தவறிழைத்த அலுவலர்' யார் என்பதை வரையறுக்கும் அந்தப் பிரிவு, குழுவின் நடவடிக்கைக் குறிப்பைப் பெற்றதன் மூலமோ, கூட்டத்தில் பங்கேற்றும் ஆட்சேபிக்காமல் இருந்ததன் மூலமோ ஒரு சட்ட மீறலை அறிந்திருந்த இயக்குநரையும் அந்த வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதாவது, குறிப்பு கைக்கு வந்து சேர்ந்து, அதைப் படிக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாலும், 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் வலுவிழந்துவிடும்.

இதற்கான காப்பும் சட்டத்திலேயே இருக்கிறது. குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் அதை எதிர்த்தவர் அல்லது ஏற்காதவரின் பெயர் இடம்பெற வேண்டும் என்கிறது 118-வது பிரிவு. கம்பெனிச் செயலர்கள் கழகத்தின் குழுக் கூட்டச் செயல்தரம், கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் வரைவுக் குறிப்பை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பச் சொல்கிறது. பெற்றுக்கொண்ட இயக்குநர் 7 நாட்களுக்குள் தம் கருத்தை எழுதித் தெரிவிக்கலாம். இந்த ஏழு நாட்கள்தான் பெரும்பாலும் வீணாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நிர்வாக இயக்குநரின் தம்பிக்குச் சொந்தமான கிடங்கைக் கம்பெனி வாடகைக்கு எடுக்கப்போகிறது. கேட்கப்படும் வாடகை, அக்கம்பக்கத்தில் நடப்பதைவிட அதிகம். இது 188-வது பிரிவில் வரும் உறவினர் சார்ந்த பரிவர்த்தனை. நிர்வாக இயக்குநர் தம் தொடர்பை 184-வது பிரிவின்படி குழுவிடம் சொல்லியாக வேண்டும். பொதுக் கம்பெனியாக இருந்தால் அந்த விவாதத்தில் அவர் பங்கேற்கவே கூடாது. மற்ற இயக்குநர் செய்ய வேண்டியது என்ன? ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிடங்குகளின் வாடகை விவரம் கேட்க வேண்டும். தராவிட்டால், 'ஒப்பீட்டு விவரம் வைக்கப்படாததால் இந்தத் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை. என் பெயருடன் இதைக் குறிப்பில் பதிவு செய்யவும்' என்று கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். வரைவுக் குறிப்பில் அந்த வரி விடுபட்டிருந்தால், அதே வாசகத்தை மின்னஞ்சலில் எழுதிச் சேர்க்கக் கேட்க வேண்டும். பின்னொரு நாளில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அறிவிக்கை வரும்போது, கூட்டத்துக்குப் பிறகு தேநீர் மேசையில் சொன்ன அதிருப்திக்கு மதிப்பில்லை. அந்த ஒரு வரிக்கு இருக்கிறது.

குழுவில் பெரிய பெயர்கள் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரத்தில் உடைந்தது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளரும் புகழ்பெற்ற மேலாண்மைப் பேராசிரியர்களும் இடம்பெற்றிருந்த அந்தக் குழு, 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தினர் நடத்திய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க ஒப்புதல் அளித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்திலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் உண்மையில் இல்லை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பின்னர் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உருவானபோது, நிர்வாகத்தையும் உரிமையாளர்களையும் சாராத சுயேச்சை இயக்குநர், தணிக்கைக் குழு, தணிக்கையாளர் சுழற்சி ஆகியவை இவ்வளவு விரிவாக எழுதப்பட்டதற்கு இந்த அதிர்ச்சி முக்கியமான காரணம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண் இயக்குநரும் கட்டாயம். சுயேச்சை இயக்குநரின் பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்தாண்டு. சிறப்புத் தீர்மானத்தின் மூலம் இன்னொரு முறை தொடரலாம், அதற்குமேல் மூன்றாண்டு இடைவெளி வேண்டும். அவர் பெயர் இந்தியக் கம்பெனி விவகாரங்கள் நிறுவனம் நடத்தும் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விலக்கு பெறாதவர்கள் இணையவழித் தேர்ச்சித் தேர்வும் எழுத வேண்டும். அவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு 149(12)-இல் உள்ளது: குழு நடவடிக்கைகளின் வழியே அவர் அறிந்து, அவருடைய சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்த தவறுகளுக்கும், அவர் உரிய அக்கறையோடு செயல்படாத இடங்களுக்கும் மட்டுமே அவர் பொறுப்பாவார். 'உரிய அக்கறை' என்ற இந்தச் சொல்லில்தான் வழக்குகள் நிற்கின்றன. கேள்வி கேட்காதவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

தகுதியிழப்பு பற்றிச் சிறு கம்பெனிகள் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்கு நிதிநிலை அறிக்கையையோ ஆண்டு விவர அறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் 164(2) பிரிவின்படி ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். வேறு நல்ல கம்பெனிகளில் வகிக்கும் இயக்குநர் பதவிகளும் போய்விடும். 2017-இல் மத்திய அரசு இந்தப் பிரிவைக் கொண்டு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரைத் தகுதியிழந்தவர்களாக அறிவித்தபோது, தாம் ஒரு கம்பெனியில் இயக்குநராக இருப்பதையே மறந்துபோயிருந்தவர்கள் பலர் திடுக்கிட்டார்கள். தொழில் நின்றுவிட்டது, வரவுசெலவே இல்லை என்பது விலக்கு ஆகாது. தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே இருக்கும். நடத்த முடியாத கம்பெனியை 248-வது பிரிவின்படி பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்கலாம், அல்லது 455-வது பிரிவின்படி செயலற்ற கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பன்னிரண்டு மாதங்களில் நடந்த எந்தக் குழுக் கூட்டத்துக்கும் வராதவரின் பதவி, அவர் விடுப்பு கேட்டிருந்தாலும்கூட, தானாகவே காலியாகும்.

கம்பெனிச் சட்டத்துக்கு வெளியிலும் பொறுப்பு உண்டு. கம்பெனியின் காசோலை பணமின்றித் திரும்பினால், அதில் கையெழுத்திட்டவரும், அந்தச் சமயத்தில் அன்றாட நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்த இயக்குநர்களும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141-வது பிரிவில் வருவார்கள். பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாமற்போன வருமான வரியை இயக்குநர்களிடமே கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. தம் பெரும் அலட்சியத்தாலோ கடமை மீறலாலோ அந்த நிலை ஏற்படவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை இயக்குநர் மேல்தான்.

இனி வரும் ஆண்டுகளில் இயக்குநரை நெருக்கப்போகும் விஷயங்கள் பலவும் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே இருப்பவை. முதலாவது, தகவல் பாதுகாப்பு. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டளை 2022-இல் பிறப்பிக்கப்பட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அபராதம் நிறுவனத்தின் மீதுதான் என்றாலும், அவ்வளவு பெரிய இழப்புக்குக் காரணமான அலட்சியத்தைக் குழு எப்போது அறிந்தது, அறிந்து என்ன செய்தது என்று பங்குதாரர்கள் கேட்பார்கள். கணினித் துறை எனக்குப் புரியாது என்று ஒதுங்கும் இயக்குநர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொழில்நுட்பம் முழுவதும் புரிய வேண்டியதில்லை. வாடிக்கையாளர் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, காப்பு நகலிலிருந்து மீட்டுப் பார்க்கும் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, இரவு இரண்டு மணிக்குத் தாக்குதல் தெரியவந்தால் யார் யாரை அழைப்பார்கள் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

அடுத்தது, கணக்கு மென்பொருள். 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டிலிருந்து, ஒவ்வொரு பதிவிலும் செய்யப்படும் மாற்றத்தைத் தேதியுடன் காட்டுகிற, நிறுத்தி வைக்க முடியாத தடப் பதிவு வசதி உள்ள மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். தணிக்கையாளர் தம் அறிக்கையில் இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பத்தியை முதலில் படிப்பது நல்ல பழக்கம்.

சுற்றுச்சூழலும் சமூகமும் அறிக்கைப் பொருளாகிவிட்டன. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்தது. அவற்றுக்குப் பொருள் வழங்கும் சிறு நிறுவனங்களிடமும் மின்நுகர்வு, கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய விவரங்கள் கேட்கப்படும். பட்டியலிடப்படாததால் தமக்குத் தொடர்பில்லை என்று எண்ணும் இயக்குநர்கள் இதற்கு ஆயத்தமாக வேண்டும். கடன் அனுமதி, ஆள்சேர்ப்பு போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைக்கும் கம்பெனிகளில், 'கருவி அப்படிச் சொன்னது' என்பது இயக்குநரின் விடையாக இருக்க முடியாது என்பதே என் கருத்து. சுயமாக முடிவெடுக்கச் சொல்லும் 166(3)-இல் அதற்கு விலக்கு இல்லை.

கடன் சுமையில் இருக்கும் கம்பெனியின் இயக்குநருக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. திவால் நடவடிக்கையைத் தவிர்க்க நியாயமான வாய்ப்பில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க உரிய கவனம் எடுக்காத இயக்குநரைச் சொந்தப் பணத்திலிருந்து பங்களிக்குமாறு திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்கிறது திவால் சட்டத்தின் 66-வது பிரிவு. நெருக்கடியான மாதங்களில் குழு அடிக்கடி கூடி, பண வரத்து நிலையைப் பார்த்து, ஏன் தொடர்ந்து நடத்த முடிவெடுத்தது என்பதைக் காரணத்துடன் எழுதி வைப்பது அதனால்தான் அவசியமாகிறது.

விலக விரும்புபவர் 168-வது பிரிவின்படி எழுத்து மூலம் கம்பெனிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கம்பெனி அதைப் பெற்ற நாள் அல்லது கடிதத்தில் குறிப்பிட்ட நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்று விலகல் நடைமுறைக்கு வரும். கம்பெனி 30 நாட்களுக்குள் டிஐஆர்-12 படிவத்தின் மூலம் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்; அது தாமதிக்கும் என்று தோன்றினால் இயக்குநரே டிஐஆர்-11 படிவத்தில், காரணங்களுடன், தாக்கல் செய்யலாம். பதவியில் இருந்த காலத்தில் நடந்த தவறுகளுக்கான பொறுப்பு விலகிய பிறகும் தொடரும். ஆகவே விலகல் கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை, தாம் கலந்துகொண்ட கூட்டங்களின் குறிப்புகள், ஆட்சேபித்து எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களைக் கம்பெனியின் மின்னஞ்சல் கணக்கு மூடப்படுவதற்கு முன்பே எடுத்துத் தம் வசம் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் இயக்குநர் பட்டியலிலிருந்து தம் பெயர் நீங்கியிருக்கிறதா என்பதையும் சில வாரங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.