வெறுங்கால் பயிற்சி: தசை தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

“ஷூவைக் கழற்றிவிட்டு ஸ்குவாட் செய்தால் கால் தசைகள் கூடுதலாக வேலை செய்யும், ஆய்வுகளில் அளந்தே பார்த்துவிட்டார்கள் என்கிறார் எங்கள் ஜிம் ட்ரெய்னர். நம்பலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அளந்திருக்கிறார்கள், உண்மைதான். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவின் கட்டுரை ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த பிறகு வெறுங்கால் ஓட்டத்தின் மீதான ஆர்வம் இன்னும் பரவியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள் என்றது அந்தக் கட்டுரை. அப்படி ஊன்றினால் ஆடுசதைக்கு வேலை கூடும், அதில் வியப்பில்லை. ஆனால் “இத்தனை சதவீதம் கூடியது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வேறு. அதே ஆளை, அதே வெறுங்காலோடு, அடுத்த வாரம் அளந்தால் அதே எண் வருமா?

தசையின் வேலையை அளக்கும் முறையின் பெயர் இ.எம்.ஜி. (எலெக்ட்ரோமயோகிராஃபி). நரம்பு வழியாக ஆணை வந்ததும் தசைநாரில் மின்துடிப்பு எழும். தோலில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடிக்கும். இது பள்ளியில் படித்ததுதான். சிக்கல் என்னவென்றால், தோலுக்கு வந்து சேரும் துடிப்பு மிஞ்சிப்போனால் சில மில்லிவோல்ட். அறையில் ஓடும் மின்கம்பிகள் நம் உடம்பில் தூண்டும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு எப்போதும் அழகாகத் தோன்றும். ஒரே தசைமேல் சுமார் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, ஒன்றின் மதிப்பிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். மின்கம்பியின் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் கழித்ததும் மறைந்துபோகும். தசைத்துடிப்போ நொடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில் நார் வழியே ஓடுகிறது. ஒரு மின்முனையைக் கடந்து அடுத்ததை எட்ட 5 மில்லிநொடி ஆகும். அந்தத் தாமதத்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. அதனால் அது கழிபடாமல் தப்பிவிடுகிறது.

இதே கழித்தல்தான் அளவையும் கெடுக்கிறது. நரம்பு தசைநாரைத் தொடும் இடம் பெரும்பாலும் நாரின் நடுப்பகுதியில் இருக்கும். துடிப்பு அங்கே பிறந்து இரண்டு பக்கமும் ஓடும். குளத்தில் கல் விழுந்த இடத்துக்கு இருபுறமும் சம தூரத்தில் இரண்டு தக்கைகள் மிதந்தால், இரண்டும் ஒரே நேரத்தில்தான் எழும்பும். மின்முனைகள் அந்த இடத்தின் இருபக்கமும் சமமாக அமைந்துவிட்டால் அதே கதைதான். இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒரே துடிப்பு, கழித்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. தசை முழுமூச்சாக உழைக்கும், கருவி சிறிய எண்ணைக் காட்டும்.

இப்போது ஷூவுக்கு வருவோம். மூட்டு மடங்கும்போது தசை தோலுக்கு அடியில் நகரும், மின்முனை தோலோடு நின்றுவிடும். ஷூவின் குதி உயரம் கணுக்காலின் கோணத்தை மாற்றும், அதோடு ஆடுசதையின் நீளமும் கொஞ்சம் மாறும். அதாவது வெறுங்காலில் மின்முனைக்கு அடியில் இருந்த தசைப்பகுதி ஷூ போட்டதும் அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தசையின் உழைப்பு மாறாமலே எண் மாறலாம்!

இதனால்தான் 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ‘செனியம்’ திட்டத்தில் ஒவ்வொரு தசைக்கும் மின்முனை ஒட்டும் இடத்தை வரையறுத்தார்கள். கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் இருக்கும் தசைக்கு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் இருக்கும் எலும்பின் மேல்நுனியிலிருந்து உள்கணுக்கால் வரை கோடு போட்டு, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒட்ட வேண்டும். அதற்கு முன் முடியை மழித்து, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மின்முனையைப் பிய்க்காமல் ஒரே அமர்வில் வெறுங்காலையும் ஷூவையும் அளந்த ஆய்வை, வேறு வேறு நாளில் அளந்ததைவிட நான் அதிகம் நம்புவேன். நாள் மாறினால், முழுபலத்தோடு இறுக்கும்போது வரும் அளவை 100 என்று வைத்து மற்றதைச் சதவீதமாகச் சொல்வார்கள். அந்த ‘முழுபலம்’ கூட அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

மறுபடி அளந்தால் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட ஐ.சி.சி. என்று ஓர் எண் தருவார்கள், 1ஐ நெருங்க நெருங்க நல்லது. 0.75க்கு மேல் நல்லது, 0.9க்கு மேல் மிக நல்லது என்பது பரவலான வழக்கம். ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிதாக இருந்தாலே இந்த எண் ஏறிவிடும் என்பதால், கூடவே அளவீட்டுப் பிழையையும் பார்க்க வேண்டும். அந்தப் பிழை 5 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவிலுமே பிழை இருப்பதால், 95 சதவீத உறுதிக்கு அதைச் சுமார் 2.8ஆல் பெருக்க வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு அளவுகளுக்கு இடையே சுமார் 14 புள்ளிக்குக் குறைவான மாற்றம் தெரிந்தால், அது ஷூவால் வந்ததா, தற்செயலா என்று பிரிக்க முடியாது.

“மறுபடி அளந்தோம், இவ்வளவு பிசகியது” என்று சொல்லும் ஆய்வுக்குப் பணமும் பாராட்டும் எளிதில் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், நிதி தருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

வாசகருக்கு என் பதில்: வெறுங்காலில் தசையின் வேலை மாறக்கூடும், ஓட்டத்தில் அது தெளிவாகவே தெரிகிறது. ஸ்குவாட்டில் சில புள்ளி வித்தியாசத்தைக் காட்டினால், அந்த ஆய்வின் மறுஅளவீட்டுப் பிழை எவ்வளவு என்று ட்ரெய்னரிடம் கேளுங்கள். அப்புறம், இ.எம்.ஜி. எண் கூடினாலே தசை வளரும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மின்துடிப்பின் அளவு மட்டுமே.